கடலில்லாத ஊரில் மீன் சாப்பாடு: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய மீன் மெஸ் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு அப்பா அங்கே மாதக் கணக்கு வைத்துச் சாப்பிட்டவர். இப்போது என் மகள் அதே பெஞ்சில் உட்கார்ந்து ஜிலேபி மீன் கேட்டு அடம் பிடிக்கிறாள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், அந்த நண்பர்களின் நண்பர்கள் எல்லோரும் போன் போட்டுக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதியே வைத்துவிட்டேன்.

கடலே இல்லாத ஊரில் ஒரு மீன் மெஸ் எப்படி இத்தனை வருஷம் ஓடுகிறது?

முதல் காரணம் தண்ணீர். ஊரிலிருந்து தருமபுரி பக்கம் பத்துக் கிலோமீட்டருக்குள் கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை. தென்பெண்ணையின் குறுக்கே காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டியது, நீர்மட்டம் 52 அடி வரை நிற்கும். இன்னொரு பக்கம் பாரூர் பெரிய ஏரி; மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையமே பாரூரில் இருக்கிறது. தருமபுரிக்காரர்களுக்கு ஒகேனக்கல் காவிரி. ஆக, கட்லா, ரோகு, மிருகால், ஜிலேபி, கெளுத்தி இதற்கெல்லாம் இங்கே பஞ்சமில்லை.

இரண்டாவது காரணம் ரோடு. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையும் சேலத்திலிருந்து பெங்களூர் போகும் சாலையும் கிருஷ்ணகிரியில்தான் சேர்கின்றன. சென்னைக் கடற்கரை 250 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும், ராத்திரி ஐஸ் பெட்டியில் ஏறிய மீன் விடியற்காலையில் இங்கே இறங்கிவிடும். மேற்குக் கரை மீனும் பெங்களூர் வழியாக வரும்.

ஆனால் மீன் வருகிற ஊரில் எல்லாம் மீன் கடை நின்றுவிடுவதில்லை. என் கண் முன்னாலேயே எத்தனையோ கடைகள் திறந்து, சீரியல் லைட் போட்டு, ஒரே வருஷத்தில் ஷட்டரை இறக்கிவிட்டன. பழைய மெஸ் நிற்பதற்கு நான் கண்ட காரணம் ஒன்றுதான்: அன்றைக்கு வந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுவார்கள். தீராத அளவுக்கு வாங்கவே மாட்டார்கள். கடலோர ஊரில் பழைய மீனைப் போட்டால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போவான். இங்கே போட்டால் மீனே வேண்டாம் என்று ஆட்டுக்கறிக்குப் போய்விடுவான். கீழே நான் சொல்லும் பதில்களில் பாதி, இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

கடல் மீன் கேட்பதா, அணை மீன் கேட்பதா?

என்னைக் கேட்டால் அணை மீன். சென்னையில் வருஷம் முழுக்க வஞ்சிரம் சாப்பிடுகிறவர்கள் இங்கே வந்தும் வஞ்சிரமே கேட்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. காலையில் அணையில் வலையிலிருந்து எடுத்த ஜிலேபி மத்தியானம் கல்லில் கிடக்கும்போது அதை விட்டுவிட்டு, ஐஸில் பயணம் செய்த மீனுக்கு ஏன் இரட்டை விலை கொடுக்க வேண்டும்?

கட்லா கேட்டால் தலை கேளுங்கள். தண்ணீரின் மேல்மட்டத்தில் மேய்கிற மீன் அது. தலை பெரிசு, உள்ளே கொழுப்பும் சதையும் ஏராளம். ரோகு நடுமட்டத்தில் மேய்வது, வறுவலுக்கும் குழம்புக்கும் பொதுவான மீன். மிருகால் அடிமட்டத்து மீன். மண் வாடை சற்றுத் தூக்கலாக இருக்கலாம், எனக்கு அவ்வளவு பிடிக்காது. ஜிலேபி என்று நாம் சொல்வது திலாப்பியா. 1952-இல்தான் இந்தியாவுக்குள்ளேயே வந்தது. இன்றைக்கு நம் ஏரி குளமெல்லாம் அதன் ராஜ்யம். விரால் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் எப்போதாவதுதான் இருக்கும்.

கடல் மீனே வேண்டும் என்றால் சங்கராவோ பாறையோ கேளுங்கள். கேட்கிற விதம் முக்கியம். “என்னென்ன இருக்கு?” என்று கேட்டால் பலகையில் உள்ளதையெல்லாம் ஒப்பிப்பார்கள். “இன்னிக்கு என்ன வந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக இருக்கும். போன மாதம் மாமா ஒருவரைக் கூட்டிப்போனேன். அவர் உட்கார்ந்ததுமே வஞ்சிரம் என்றார். பரிமாறுகிற அண்ணன் என்னைப் பார்த்து, “தம்பி, வஞ்சிரம் நேத்து வந்தது. பாறை காலைல இறங்குச்சு” என்றார். குரலைத் தாழ்த்தவில்லை, கல்லாவில் இருந்தவர் காதிலும் விழுந்திருக்கும். மாமா பாறை சாப்பிட்டார்.

மெனு கார்டு இருக்கிறதா?

சுவரில் ஒரு பலகை. அதில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. உண்மையான மெனு தட்டில் வரும். இலை போட்டு, சோறு விழுந்து, குழம்பு ஊற்றியதும் ஒருவர் பெரிய எவர்சில்வர் தட்டைத் தோளுயரத்துக்குத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வருவார். அதில் ஒரு பக்கம் ஜிலேபி முழு மீனாக, முதுகில் மூன்று கீறல் போட்டு, கீறலுக்குள் மசாலா கருகியும் கருகாமலும். இன்னொரு பக்கம் ரோகு நடுத்துண்டு. சின்னக் கிண்ணங்களில் இறால் தொக்கு, நண்டு, சுறாப் புட்டு, மீன் சினை. சினை வருகிற நாளில் இரண்டு மூன்று கிண்ணம்தான் இருக்கும். முதல் வரிசை மேசையிலேயே காலியாகிவிடும்.

தட்டைக் காட்டும்போது கையை நீட்டுவதற்கு முன் விலையைக் கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நாங்களே கேட்போம். வறுவல் விலை மீனின் அளவைப் பொறுத்து மாறும், சாப்பாட்டு விலையில் அது சேராது. சாப்பாடு என்றால் சோறு, துண்டில்லாத மீன் குழம்பு, ஒரு பொரியல், ரசம், மோர், அப்பளம். குழம்பில் துண்டு வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. முதல் முறை வருகிறவர்கள் பில்லைப் பார்த்து முகம் மாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

பில்லில் வரி 5 சதவீதம் இருக்கும். சில சின்னக் கடைகள் தொகுப்பு முறையில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டுகிறவை. அவை உங்களிடம் தனியாக ஜி.எஸ்.டி. வாங்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் எல்லாம் நம்மூர் மெஸ்ஸில் கிடையாது.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

பன்னிரண்டரை. ஒரு மணியைத் தாண்டினால் நின்றுகொண்டு, சாப்பிடுகிறவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று பார்த்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடிக்க வேண்டும். இரண்டரைக்கு மேல் போனால் இடம் இருக்கும், கட்லா தலை இருக்காது. குழம்பு மட்டும் அந்த நேரத்தில் ஊறி உச்சத்தில் இருக்கும், அதற்காகவே லேட்டாக வருகிற ஆட்களும் உண்டு. ராத்திரியில் தோசையும் மத்தியானக் குழம்பும் கிடைக்கும். தோசை சுமார்தான்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

இதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வருகிற கடல் மீன் பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து வரும். மத்தியும் அயிலையும் நிறைய கிடைக்கும். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் தடை. நாட்டுப்படகில் பிடித்துக் கரையோரத்துக்கே பற்றாத மீன் கிருஷ்ணகிரி வரைக்கும் எங்கே வரப்போகிறது? அந்த இரண்டு வாரத்தில் ஒரு கடையில் “ஃப்ரெஷ் வஞ்சிரம்” என்று போர்டு பார்த்தால், அது ஃப்ரீசரிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். எங்கள் மெஸ்ஸில் அப்போது அணை மீனும் கருவாட்டுக் குழம்பும்தான்.

புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சி தொடாது. பெருமாள் கோயில் நிறைந்த பக்கம் இது, சனிக்கிழமை சொல்லவே வேண்டாம். மெஸ்ஸில் ஈ ஓட்டுவார்கள் என்று நினைத்து நிறையப் பேர் அந்த மாதம் வருவதில்லை. நான் வருவேன். ஞாயிற்றுக்கிழமைகூட உட்கார்ந்தவுடன் இலை விழும். ஆனால் விற்பனை குறைவு என்பதால் மீன் வகையும் குறைவாகத்தான் வாங்குவார்கள், அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். புரட்டாசி முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தயவுசெய்து வேண்டாம். அன்றைக்கு நாங்களே பார்சல்தான்.

இந்தப் பக்கத்து மீன் குழம்பு ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

மீன் வெளியூராக இருந்தாலும் குழம்பு முழுக்க உள்ளூர். புளி இந்த இரண்டு மாவட்டத்திலும் விளைவது. சாலையோரப் புளியமரங்களை நீங்களே பார்த்துக்கொண்டு வந்திருப்பீர்கள். தக்காளி ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டியிலிருந்து. மாங்காய்க்குக் கிருஷ்ணகிரியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சீசனில் கிளிமூக்கு மாங்காயைத் தோலோடு கீறிக் குழம்பில் போடுவார்கள். மீன் துண்டை விட்டுவிட்டு அந்த மாங்காய்த் துண்டுக்குச் சண்டை போடுகிற குடும்பம் எங்களுடையது.

புளிப்பு இங்கே ருசிக்காக மட்டும் இல்லை. ஏரி, அணை மீனில் வருகிற மண் வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழுகிற வாசனைக்கும் அதேதான் காரணம். புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் சிதைந்துவிடும். அம்மா மீனைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, கடைசியில் மோரில் அலசுவார். காரணம் கேட்டால் “எங்கம்மா அப்படித்தான் கழுவுவாங்க” என்பார். பாட்டிக்கு ஜியோஸ்மின் தெரியாது, ஆனால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

மீன் குழம்போடு களி கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் சொல்லிவைக்க வேண்டும் அல்லது சீக்கிரம் போக வேண்டும். ராகிக் களி எங்கள் பக்கத்துச் சாப்பாடு. சோறு அப்புறம் வந்ததுதான். சூடான உருண்டையின் நடுவில் கட்டை விரலால் குழி பறித்து, குழம்பை ஊற்றி, ஓரத்திலிருந்து கிள்ளி, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். மெல்லக் கூடாது. மென்றால் பல்லில் ஒட்டும், முகம் போகிற போக்கைப் பார்த்து எதிர் மேசை சிரிக்கும். களிக்கு வறுவல் பொருந்தாது. குழம்பு நீர்க்க இருக்க வேண்டும். கருவாட்டுக் குழம்பு என்றால் இன்னும் ஒரு உருண்டை கேட்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை: களியோடு ரோகு, கட்லா துண்டைச் சேர்த்துப் பிசைந்து விழுங்காதீர்கள். மெல்லாமல் விழுங்குகிற சாப்பாட்டில் முள் எங்கே இருக்கிறது என்று நாக்குக்குத் தெரியாது. துண்டைத் தனியாக, குழம்பைத் தனியாக.

குழந்தைகளுக்கு எந்த மீன்?

ஜிலேபியும் விராலும். நடுமுள்ளும் விலா முள்ளும்தான், எடுத்துவிட்டால் சதை சுத்தம். கெண்டை இனம் எல்லாவற்றிலும், அதாவது கட்லா, ரோகு, மிருகாலில், சதைக்குள்ளேயே கவை முள் இருக்கும். ஆங்கில ஒய் எழுத்து மாதிரி இரண்டாகப் பிரிந்து கிடக்கும். வயிற்றுப் பக்கத்துத் துண்டில் குறைவு, வால் பக்கம் அதிகம். பெரியவர்களுக்கும் பழக்கம் இல்லையென்றால் வால் துண்டு வேண்டாம்.

முள் தொண்டையில் மாட்டிக்கொண்டால்?

சோற்றை உருட்டி விழுங்கு, வாழைப்பழம் விழுங்கு என்று மேசைக்கு ஒருவர் வைத்தியம் சொல்வார். எங்கள் ஊரில் களி உருண்டை. என் சித்தப்பா ஒருமுறை அப்படித்தான் இரண்டு உருண்டை களியை அடுத்தடுத்து உள்ளே தள்ளினார். முள் போகவில்லை, ஆழமாகக் குத்திக்கொண்டது. சாயங்காலம் காது, மூக்கு, தொண்டை டாக்டர் இடுக்கி விட்டு எடுத்துக் காட்டியபோது அது நகத்தளவுகூட இல்லை. “களியை நிறுத்தியிருந்தால் இன்னும் சுலபமாக வந்திருக்கும்” என்றார் டாக்டர்.

அதனால் முதலில் இருமிப் பாருங்கள், கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். விரலை விட்டு நோண்டாதீர்கள். வலி நிற்காமல் இருந்தாலோ எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ நேராக டாக்டர். ரத்தம் வந்தாலும் மூச்சுத் திணறினாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மீன் சாப்பிட்டுவிட்டு மோர் ஊற்றிக்கொள்ளலாமா? தோலில் வெள்ளை விழும் என்கிறார்களே?

விழாது. வெண்புள்ளி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலுக்கு நிறம் தரும் செல்களை அழிப்பதால் வருவது. மீனும் தயிரும் சேர்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வங்காளத்தில் தயிரிலேயே மீன் சமைக்கிறார்கள். எங்கள் மெஸ்ஸில் இத்தனை வருஷமாக மோர் ஊற்றுகிறார்கள். என் அத்தை மட்டும் இன்னும் கையால் இலையை மறைத்துக்கொள்வார். அவரோடு வாதாடுவதை நான் விட்டுவிட்டேன்.

தெரியாத கடையில் மீன் பழசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பச்சை மீன் என்றால் கண், செவுள் பார்க்கலாம்: கண் தெளிவாகப் பிதுங்கி, செவுள் சிவப்பாக, சதை அழுத்தினால் மேலே எழும்ப வேண்டும். சமைத்த மீனுக்கு வேறு வழி. நல்ல மீனின் சதை வெந்ததும் இதழ் இதழாகப் பிரியும், ஈரம் இருக்கும். பழசு என்றால் மாவு மாதிரி குழையும். மசாலா விரல் கனத்துக்கு அப்பியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அஜினோமோட்டோ, கலர்ப் பொடி எல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கனமான மசாலாவைச் சுரண்டி, உள்ளே இருக்கும் சதையை மட்டும் வாயில் போட்டுப் பாருங்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்பு நெடுஞ்சாலையோரம் ஒரு புதுக் கடையில் அயிலை வறுவல் சாப்பிட்டேன். முதல் கடியிலேயே நாக்கில் மிளகு தடவினது போல ஒரு சுறுசுறுப்பு. மசாலாதான் என்று நினைத்து முழுசும் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தது. அயிலை, சூரை மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. மீன் நாறக்கூட வேண்டியதில்லை. அந்தச் சுறுசுறுப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஒவ்வாமை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் டாக்டரிடம் மீன் சாப்பிட்டதைச் சொல்லுங்கள். அன்றைக்குக் கடைக்காரரிடம் சொன்னபோது, “மத்தவங்க யாரும் சொல்லலையே சார்” என்றார். கடையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

ஒரே பெயரில் இரண்டு கடை இருக்கிறதே, எது பழையது?

அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் பெயரும் பிரியும். இரண்டு போர்டிலும் “ஒரிஜினல்” என்று இருக்கும், “எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை” என்றும் இருக்கும். போர்டைப் பார்க்காதீர்கள். பகல் பன்னிரண்டே முக்காலுக்கு வெளியே எத்தனை ஆட்டோ நிற்கிறது என்று பாருங்கள். சவாரிக்கு இல்லாமல், சாப்பிட வந்த ஆட்டோ.

நான் சொல்லும் மெஸ்ஸின் பெயரை ஏன் போடவில்லை என்றும் கேட்கிறார்கள். இருப்பது முப்பது நாற்காலி. போட்டால் எனக்கு இடம் கிடைக்காது.

கே.ஆர்.பி. அணையில் வறுவல் கடைகள் எப்படி?

பூங்காவுக்குப் போகிற வழியில் வரிசையாக இருக்கும். சிவப்பு மசாலா தடவிய மீனை வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். அடுக்கினதைத் தொடாமல், மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லி, உங்கள் கண் முன் தடவிப் பொரிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் கறுத்து நுரைத்துக்கொண்டிருந்தால் அடுத்த கடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைவிட வாரநாள் பதினொரு மணி நல்லது.

தென்பெண்ணையில் நுரை வருகிறது என்று செய்தியில் பார்த்தோம். அந்த மீனைச் சாப்பிடலாமா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போது மலைபோல நுரை எழுவது வருஷா வருஷம் நடக்கிறது. பெங்களூரின் கழிவுநீர் ஆற்றில் கலப்பதால் வருவது. அதே ஆறுதான் கீழே இறங்கி கே.ஆர்.பி. அணைக்கு வருகிறது. இதை மறைத்து “எங்க ஊர் மீன் அமிர்தம்” என்று என்னால் சொல்ல முடியாது. நான் செய்வது இதுதான்: நுரைச் செய்தி வருகிற வாரங்களிலும், அணைத் தண்ணீர் பச்சை பிடித்து வாடை அடிக்கும்போதும், கரையில் மீன் செத்து மிதந்த பிறகும் அணை மீன் வாங்குவதில்லை. அப்போது பண்ணைக் குட்டை மீனா என்று கேட்டு வாங்குவேன், இல்லையென்றால் ஒகேனக்கல். மற்ற நாட்களில் சாப்பிடுகிறேன், ஆனால் தினமும் இல்லை.

ஒகேனக்கல்லில் நாமே மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவார்களாமே?

தருவார்கள். இந்தப் பக்கம் மீன் சாப்பிட வருகிறவர்களுக்கு மெஸ்ஸுக்கு அடுத்து நான் சிபாரிசு செய்வது இதைத்தான். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர்.

வண்டியை நிறுத்தி இறங்கும்போதே, “அண்ணா, சமையல் செய்யணுமா?” என்று பெண்கள் வருவார்கள். இதற்கென்றே இருப்பவர்கள். முதலில் கூலியைப் பேசி முடியுங்கள். பிறகு அவர்களே மீன் கடைக்குக் கூட வருவார்கள். கட்லா, ரோகு, கெண்டை, கெளுத்தி, வாளை, ஆரால் எல்லாம் இருக்கும். எல்லாமே அருவியில் பிடித்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மேட்டூர் அணைப் பக்கத்து மீனும் வரும். எத்தனை பேர் என்று கேட்டு, எத்தனை கிலோ, எவ்வளவு எண்ணெய், மிளகாய்த்தூள், புளி, தக்காளி, அரிசி என்று கடகடவென்று சொல்லிவிடுவார்கள். போன தடவை எங்களுக்குச் சமைத்த அக்கா, ஆறு பேர் என்றதும் எங்களை ஒரு தரம் மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, “நாலு கிலோ வாங்கிடுங்க” என்றார். மூன்றுதான் வாங்கினோம். பற்றவில்லை.

சமையலுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிடலாம், பரிசலில் போய்வரலாம். மூன்று கல் வைத்து விறகு அடுப்பு. ஒரு பக்கம் குழம்பு, ஒரு பக்கம் சோறு, கடைசியாக வறுவல். வறுவலை நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகு போடச் சொல்லுங்கள்.

கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்துவிடும் காலத்தில், முக்கியமாக ஜூலை, ஆகஸ்டில், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். கிளம்பும் முன் செய்தி பாருங்கள். ஆடிப் பதினெட்டு அன்று சாப்பாட்டை நினைத்து வராதீர்கள், மனிதத் தலைதான் தெரியும்.

மெஸ்ஸில் வைக்கிற தண்ணீர் குடிக்கலாமா?

ஒகேனக்கல் தண்ணீரா என்று கேளுங்கள். இந்த இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். வயதானவர்கள் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை அதனால்தான். அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தொடங்கியது. ஒரு வேளை போர் தண்ணீர் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. எங்கள் மெஸ்ஸில் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்தது வைப்பார்கள்.

கூட வருகிறவர் சைவம் என்றால்?

கூட்டிவர வேண்டாம். சாம்பார் ஊற்றுவார்கள், ஆனால் அதே கரண்டிதான்.

பார்சல் வாங்கிக்கொண்டு பெங்களூர் போகலாமா?

குழம்பு தாராளமாகப் போகும், வீட்டில் கொதிக்க வைத்து மறுநாள் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். வறுவல் கவருக்குள் வியர்த்து நமுத்துவிடும். மசாலா தடவிய பச்சை மீனைக் கேட்டு ஐஸோடு வாங்கிப்போங்கள், தெரிந்தவர்களுக்குத் தருகிறார்கள்.

கையில் மீன் வாடை போக மாட்டேன் என்கிறதே?

வறுவலோடு வைத்த எலுமிச்சைத் துண்டை இலையோடு மூடிவிடாமல் கையில் எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள். விரல் இடுக்கில் தேய்த்துவிட்டு அப்புறம் கழுவினால் போய்விடும். எங்கள் மெஸ் குழாயடியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீயக்காய்த் தூள் இருக்கும். நடுவில் ஒருமுறை அதை எடுத்துவிட்டு லிக்விட் சோப் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம்கூட இல்லை, பாட்டில் திரும்பி வந்துவிட்டது.